கோல்ஃப் அடியில் வேகம் எங்கிருந்து வருகிறது: இடுப்பிலிருந்தா, கையிலிருந்தா, காலிலிருந்தா?

கீழக்கரையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். வயது 42. வளைகுடாவில் ஒன்பது வருடம் வேலை பார்த்தபோது அலுவலக நண்பர்களோடு கோல்ஃப் பழகியவர், இப்போது ஊரோடு வந்துவிட்டார். பக்கத்தில் மைதானம் இல்லாததால் கடற்கரையில் ஸ்விங் (கிளப் என்ற மட்டையை வீசும் அசைவு) பழகுகிறார். டிரைவரில் (அதிக தூரம் அடிக்கும் நீளமான கிளப்) அடித்தால் 190 கஜம்தான் போகிறதாம். ஒரு வீடியோவில் ‘இடுப்பைத் திருப்பு’ என்கிறார்கள், இன்னொன்றில் ‘மணிக்கட்டை விடாதே’, மூன்றாவதில் ‘தரையை உதைத்து எழும்பு’. இதில் எது சரி, அல்லது ஜிம்முக்குப் போய்க் கையை முறுக்கேற்றினால் போதுமா என்பது கேள்வி.

இதை வேறு மாதிரி கேட்டுப் பார்க்கலாம். அந்த மூன்று பேரும் ஒரே இயந்திரத்தை மூன்று பக்கத்திலிருந்து பார்த்துச் சொல்கிறார்களா, அல்லது மூன்று வேறு இயந்திரங்களைப் பற்றிப் பேசுகிறார்களா? இதற்கு விடை தெரிந்தால் எந்த வீடியோவை நம்புவது என்ற குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். என் கணக்கில் முக்கால்வாசி ஒரே இயந்திரம்தான். மீதிக் கால்வாசியில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம் வருகிறது.

என்னைப் பற்றிக் கொஞ்சம். தொண்டிப் பக்கம் பிறந்தவன். உடற்கல்வி படித்துவிட்டு, தொண்ணூறுகளில் உங்களைப் போலவே வளைகுடாவுக்குப் போனேன். ரேஞ்சில் (பந்தடித்துப் பழகும் திடலில்) பந்து பொறுக்கும் வேலையில் ஆரம்பித்து, கடைசிப் பதினாறு வருடம் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் உதவிப் பயிற்சியாளராக இருந்தேன். துபாயில் முதல் புல் மைதானம் 1988-லேயே வந்துவிட்டாலும் எங்களைப் போன்றவர்கள் ஆடியது மணல் மைதானத்தில். எண்ணெய் விட்டுக் கெட்டிப்படுத்திய மணலில்தான் பந்தை உருட்டுவோம், அதற்கு ‘பிரௌன்’ என்று பெயர். ஆளுக்கொரு துண்டு செயற்கைப் புல்லைத் தூக்கிக்கொண்டு நடந்து, பந்தை அதன்மேல் வைத்து அடிப்போம். அதனால் மணலில் நின்று ஆடுவதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். ஆனால் நான் மருத்துவன் இல்லை, உங்கள் ஸ்விங்கைப் பார்த்ததும் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

சந்தேகமே இல்லாத விஷயத்திலிருந்து ஆரம்பிக்கலாம். பந்துக்கு உங்கள் இடுப்பையும் தெரியாது, காலையும் தெரியாது. கிளப்பின் தலை எவ்வளவு வேகத்தில் வருகிறது, எந்தத் திசையில் வருகிறது, அதன் முகம் எங்கே பார்க்கிறது, முகத்தில் எந்த இடத்தில் பந்து படுகிறது, இவ்வளவுதான் அதற்குக் கணக்கு. தலையும் பந்தும் ஒட்டியிருக்கும் நேரம் ஒரு நொடியில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் 46 கிராம்கூட இல்லாத பந்தை அந்த வேகத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்றால், சராசரியாக அரை டன் எடைக்குச் சமமான விசை தேவைப்படுகிறது. பந்து பட்டது என்று கை உணர்ந்து மூளைக்குச் செய்தி போவதற்குள் பந்து கிளம்பிப் போய்விடும். ஆகவே ‘பந்தில் படும்போது பலத்தைப் போடு’ என்று யார் சொன்னாலும் காதில் வாங்காதீர்கள். அங்கே போடுவதற்கு நேரமே கிடையாது. பலம் எல்லாம் அதற்கு முந்தைய கால் நொடியில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். நல்ல ஆட்டக்காரர்கள் கிளப்பைப் பின்னால் ஏற்ற முக்கால் நொடியும், பந்துவரை இறக்கக் கால் நொடியும் எடுத்துக்கொள்கிறார்கள்.

அந்தக் கால் நொடியில் என்ன நடக்கிறது என்பதை நம் ஊர்க்காரருக்குச் சொல்ல வீச்சு வலையைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. தண்ணீரில் முழங்கால் அளவில் நின்று வலை வீசுபவரை ஒருநாள் ஓரமாக நின்று கவனியுங்கள். கயிறு மணிக்கட்டில், வலையில் பாதி முழங்கையில், பாதி கையில். உடம்பை ஒரு பக்கம் திருப்புவார், கால் மாறும், இடுப்பு திரும்பும், அப்புறம் தோள், கடைசியில் கை. விளிம்பில் கோத்த ஈயக்குண்டுகள் எல்லாவற்றுக்கும் பின்னால் கிளம்பி, எல்லாவற்றையும் விட வேகமாக ஓடி, வலையை வட்டமாக விரித்துவிடும். வீசக் கற்றுக்கொள்ளும் பையன் என்ன செய்வான்? கையால் தள்ளுவான். வலை பொத்தென்று குப்பையாகக் காலடியில் விழும். அவனுக்குப் பலம் குறைவு என்பதால் அப்படி விழவில்லை. இன்னும் சொன்னால், அவன் பெரியவரைவிட அதிகமாகத்தான் பலம் போட்டான்.

கோல்ஃப் ஸ்விங்கிலும் இதே வரிசைதான். இறங்கும்போது முதலில் இடுப்பு உச்ச வேகத்தை எட்டி மெதுவாகும், பிறகு மார்பு, பிறகு கைகள், கடைசியில் கிளப். ஒவ்வொன்றும் தன் வேகத்தை அடுத்ததிடம் கொடுத்துவிட்டு அடங்குகிறது. உடம்பில் சென்சார் ஒட்டி அளந்ததில் திறமைசாலிகளிடம் திரும்பத் திரும்பத் தென்படும் ஒழுங்கு இது. இதில் பலரும் நம்பாத ஒரு சங்கதி, பந்தை நெருங்கும்போது கைகளின் வேகம் குறைகிறது என்பது. நீங்கள் நிறுத்துவதால் குறைவதில்லை. கிளப் வெளிப்பக்கமாக விரிந்து ஓடும்போது கையிடமிருந்து வேகத்தை வாங்கிக்கொள்கிறது. இயற்பியல்காரர்கள் இதை இரட்டை ஊசல் என்பார்கள். தோளிலிருந்து தொங்கும் கை ஓர் ஊசல், மணிக்கட்டிலிருந்து தொங்கும் கிளப் இன்னொன்று.

இப்போது உங்கள் இரண்டாவது வீடியோ. கிளப்பை ஏற்றும்போது விழும் மணிக்கட்டின் மடிப்பைச் சீக்கிரம் அவிழ்த்துவிட்டால் கிளப் பந்துக்கு முன்பே தன் வேகத்தைச் செலவழித்துவிடும், அது சரி. ஆங்கிலத்தில் இந்தத் தவறுக்கு ‘காஸ்டிங்’ என்றே பெயர், தூண்டில் வீசுவது போல என்று. ஆனால் அதற்கு மருந்து மடிப்பை இறுக்கிப் பிடித்துக்கொள்வதா? அங்கேதான் எனக்கு உடன்பாடு இல்லை. இறுக்கிப் பிடித்தவர்களின் முன்னங்கை விறைத்துவிடும், கிளப் விரிய வேண்டிய நேரத்தில் விரியாது, முகம் திறந்தபடி (வலப்பக்கம் பார்த்தபடி) வந்து பந்து வலப்பக்கம் வளைந்து ஓடும். புகைப்படத்தில் தெரியும் அந்த அழகான மடிப்பு, வரிசை சரியாக இருந்ததால் தானாகத் தங்கியது. அதைத் தனியாக வரவழைக்க முயன்ற எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். ஒருவருக்கும் தூரம் கூடவில்லை, இரண்டு பேருக்கு முழங்கை வலி மட்டும் வந்தது.

காலம் மாறியதால் சொல்லிக்கொடுக்கும் வார்த்தையும் மாறியது என்பதையும் மறக்கக் கூடாது. பழைய காலத்தில் ஷாஃப்ட், அதாவது கிளப்பின் நீண்ட தண்டு, ஹிக்கரி மரத்தில் செய்தது. வேகமாக இழுத்தால் முறுக்கிக்கொள்ளும். அதனால் கையும் மணிக்கட்டும் நேரம் பார்த்து வேலை செய்ய வேண்டியிருந்தது. பிரிட்டனில் இரும்பு ஷாஃப்டை விதிமுறை 1929-ல்தான் அனுமதித்தது. முறுக்காத ஷாஃப்ட் வந்த பிறகு கால், இடுப்பு, முதுகு போன்ற பெரிய தசைகளை இறக்கிவிட முடிந்தது. அமெரிக்க ஆட்டக்காரர் பைரன் நெல்சன் போன்றவர்களிடமிருந்து கிளம்பியது அந்த மாற்றம். ஆகவே பழைய ஆள் ‘கை’ என்பதும் புதிய ஆள் ‘இடுப்பு’ என்பதும் ஓரளவு அவரவர் கையில் இருந்த கருவியைப் பொறுத்தது.

மூன்றாவது வீடியோ, தரையை உதைப்பது. கரைவலை இழுப்பவர்கள் மணலில் குதிகாலைப் புதைத்துப் பின்னால் சாய்வதைப் பார்த்திருப்பீர்கள். வலையை இழுப்பது கைதான், ஆனால் கை இழுக்க முடிவது மண் காலைத் தாங்குவதால். சறுக்கும் தரையில் அதே ஆளை நிறுத்தினால் வலை அவரைத் தன் பக்கம் இழுத்துவிடும். ஸ்விங்கில் தரையோடு மூன்று வகை வியாபாரம் நடக்கிறது. இறங்கத் தொடங்கும்போது உடல் எடை பக்கவாட்டில் இடது காலுக்கு மாறுவது ஒன்று (நீங்கள் வலக்கை ஆட்டக்காரர் என்று வைத்துக்கொள்கிறேன்). இரண்டு கால்களும் எதிரெதிர்த் திசையில் தரையைத் தள்ளி உடம்பைச் சுழற்றுவது இரண்டாவது. மடங்கிய இடது முழங்காலை நிமிர்த்தித் தரையைக் கீழே அழுத்துவது மூன்றாவது. வரும் வரிசையும் ஏறத்தாழ இதுவே.

அந்த மூன்றாவது பலருக்குப் புரிவதில்லை. மேலே எழும்பினால் கிளப் எப்படி முன்னால் வேகமாகப் போகும்? வேப்ப மரத்து ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். நின்று ஆடுகிற பிள்ளை, பலகை அடிமட்டத்துக்கு வரும்போது மடக்கியிருந்த முழங்காலை நிமிர்த்தும். யாரும் தள்ளாமலே ஊஞ்சல் உயரும். வட்டத்தின் அடியில் உள்பக்கமாக இழுத்தால் சுற்றுவது வேகமாகும். பந்தை நெருங்கும்போது இடது கால் நிமிர்ந்து, இடது தோள் மேலே போய், கைப்பிடி உள்ளே இழுபடுவதும் அதே வித்தைதான். அமெரிக்க ஆட்டக்காரர் ஜஸ்டின் தாமஸ் அடிக்கும்போது குதிகால்கள் தரையை விட்டுக் கிளம்புவதைப் பார்க்கலாம். ஒல்லியான மனிதர், பந்து போகும் தூரமோ அவர் உடம்புக்குச் சம்பந்தமே இல்லாதது.

சரி, ஆளுக்கு ஆள் வித்தியாசம் எங்கே வருகிறது? இந்த மூன்று தரை விசைகளையும் எல்லோரும் ஒரே அளவில் கலப்பதில்லை. சிலர் பக்கவாட்டு நகர்வில் அதிகம் எடுக்கிறார்கள், சிலர் சுழற்சியில், சிலர் எழும்புவதில். மேல் உடம்பிலும் இரண்டு குடும்பங்கள் உண்டு. வேலிக்கருவை வெட்டுகிறவரைப் பாருங்கள்: ஒருவர் கோடாலியின் கனத்தை விழவிட்டு அதன் போக்கிலேயே வெட்டுவார், இன்னொருவர் வலது கையால் நெட்டித் தள்ளி இறக்குவார். இரண்டு பேருக்கும் விறகு விழுகிறது. ஹோமர் கெல்லி என்ற அமெரிக்கர் 1969-ல் இதை ஒரு பொறியாளர் மாதிரி அக்கக்காகப் பிரித்தார். மடங்கிய வலது முழங்கை நிமிர்வது, இடது மணிக்கட்டின் மடிப்பு அவிழ்வது, இடது முன்னங்கை உருள்வது, மார்போடு ஒட்டிய இடது கை விலகி வெளியே வீசப்படுவது என நான்கு இடங்களில் சக்தி சேமிக்கப்படுகிறது என்றார். வலது கையால் தள்ளுகிறவர் ஒரு வகை, இடது கை இழுப்பில் வீசுகிறவர் இன்னொரு வகை. அவருடைய சொல்லாட்சி கரடுமுரடு, ஆனால் அந்தப் பிரிவினை ரேஞ்சில் எனக்கு எத்தனையோ நாள் உதவியிருக்கிறது. தோள் பருத்த, உடம்பு வளையாத ஆளிடம் ‘சாட்டை மாதிரி வீசு’ என்றால் அவர் கஷ்டப்படுவார். ‘வலது உள்ளங்கையால் தள்ளு’ என்றால் பத்து நிமிடத்தில் பந்து பறக்கும்.

அழகான ஸ்விங்தான் வெல்லும் என்பதும் கிடையாது. நம் நாட்டு ஆட்டக்காரர் ஜீவ் மில்கா சிங்கின் ஸ்விங்கைப் பார்த்து எந்தப் பாடப்புத்தகமும் எழுத முடியாது, ஆனால் உலகம் சுற்றி ஜெயித்தார். 1991-ல் இந்தியன் ஓப்பனை ஜெயித்த அலி ஷேர் டெல்லியிலும், 2009-ல் ஜெயித்த முனியப்பா பெங்களூரிலும் ‘கேடி’யாக, அதாவது ஆட்டக்காரரின் பை சுமப்பவராக, இருந்து வந்தவர்கள். மற்றவர் பையைச் சுமந்துகொண்டு, பார்த்துப் பார்த்துத் தன் உடம்புக்கு ஏற்றதைப் பிடித்துக்கொண்டவர்கள்.

இனி, நிச்சயம் என்று நான் சொல்லாதவை. 1992-ல் ஜிம் மெக்லீன் என்ற பயிற்சியாளர் தோள் திருப்பத்துக்கும் இடுப்புத் திருப்பத்துக்கும் உள்ள வித்தியாசத்துக்கு ‘எக்ஸ் ஃபேக்டர்’ என்று பெயர் வைத்தார். அந்த வித்தியாசம் பெரிதாக இருந்தால் தூரம் கூடும் என்று அப்போது எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். பின்னால் வந்த அளவீடுகள் கதையைக் கொஞ்சம் மாற்றின. மேலே போய் நிற்கும்போது எவ்வளவு முறுக்கியிருக்கிறீர்கள் என்பதைவிட, இறங்கத் தொடங்கும் கணத்தில் இடுப்பு முன்னால் கிளம்பி அந்த முறுக்கு இன்னும் ஒரு பிடி கூடுகிறதா என்பது முக்கியமாகத் தெரிந்தது. இது விவாதம் முடிந்த விஷயம் இல்லை. எனக்கு இதில் சொந்தக் கசப்பும் உண்டு. அங்கே ஒரு பயிற்சியாளர், பெயர் வேண்டாம், ‘இடுப்பைப் பூட்டிவிட்டுத் தோளை மட்டும் திருகு’ என்று என்னைப் பழக்கினார். ஏழெட்டுக் கஜம் கூடியது உண்மை. மூன்றாவது மாதம் குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை. நாற்பது வயதுக்கு மேல் அந்த வழி வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பின்னால் ஏற்றும்போது இடுப்பும் கூடவே திரும்பட்டும், இடது குதிகால் தூக்கிக்கொண்டாலும் பரவாயில்லை. பெரிய சாம்பியன் ஜாக் நிக்லஸ் அப்படித்தான் தூக்கினார். முதுகில் ஏற்கெனவே வலி இருந்தால் இதையெல்லாம் என்னிடம் கேட்காமல் எலும்பு மருத்துவரிடம் கேளுங்கள்.

‘இடுப்பை முதலில் திருப்பு’ என்ற கட்டளையும் இப்படித்தான். நடப்பது அதுதான் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் அதை நினைத்துக்கொண்டே அடித்தால் எல்லோருக்கும் அது நடக்கிறதா? என் அனுபவத்தில் பாதிப் பேர் இடுப்போடு தோளையும் சேர்த்துச் சுழற்றிவிடுவார்கள். கிளப் வெளியிலிருந்து குறுக்கே வெட்டிக்கொண்டு வரும். அவர்களிடம் ‘இடது காலை மிதி’ என்று மட்டும் சொல்வேன், இடுப்பு தானே திரும்பிவிடும்.

ஜிம் பற்றி. வீண் என்று சொல்ல மாட்டேன். நின்ற இடத்திலிருந்து நன்றாகக் குதிக்கிறவர்களுக்குக் கிளப் வேகமும் அதிகம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. பிரைசன் டிஷாம்போ என்ற ஆட்டக்காரர் உடம்பை ஏற்றிக்கொண்டு வந்து 2020-ல் அமெரிக்க ஓப்பனை ஜெயித்ததும் கண்முன் நடந்தது. ஆனால் போக வேண்டுமானால் தொடைக்கும் பிட்டத்துக்கும் முதுகுக்கும் போங்கள், புஜத்துக்கு இல்லை. அதுவும் கடைசி வேலை. கிளப் வேகம் மணிக்கு ஒரு மைல் கூடினால் சுமார் இரண்டரை கஜம் கிடைக்கும் என்பது எங்கள் தொழிலில் புழங்கும் கணக்கு. அந்த ஒரு மைலுக்காக மாதக்கணக்கில் எடை தூக்கலாம். பந்து முகத்தின் நடுவில் படாமல் விளிம்பில் பட்டால் அதைவிடப் பல மடங்கு ஒரே அடியில் தொலைந்துவிடும். டிரைவர் முகத்தில் கொஞ்சம் முகப்பவுடர் தூவி அடித்துப் பாருங்கள், பந்து பட்ட இடம் தெரியும். 190 கஜம் அடிக்கிறவர்களில் பெரும்பாலோருக்கு அந்தத் தடம் முகத்தின் குதிகால் பக்கமோ (ஷாஃப்டை ஒட்டிய விளிம்பு) அடிப்பக்கமோதான் இருக்கும்.

தூரத்தை அளக்கும்போது காற்றையும் கழித்துவிடுங்கள். 1974-ல் மைக் ஆஸ்டின் என்பவர் 64 வயதில் மரத்தலை டிரைவரால் 515 கஜம் அடித்தது இன்றும் சாதனையாகச் சொல்லப்படுகிறது, ஆனால் முதுகுக்குப் பின்னால் பலமான காற்று இருந்தது. ரயிலையே காத்திருக்க வைக்கிற காற்று அடிக்கும் பாம்பனில் நின்று அடித்துவிட்டு நானும் முன்னேறிவிட்டேன் என்று ஒருகாலத்தில் நம்பியிருக்கிறேன்.

உங்கள் கடற்கரைப் பழக்கத்துக்கு வருகிறேன், ஏனென்றால் சிக்கலும் தீர்வும் அங்கேயே இருக்கலாம் என்று சந்தேகப்படுகிறேன். காய்ந்த மணலில் நின்று பழகினால் கால் தள்ள முடியாது, மணல் நழுவிவிடும். உடம்பு புத்திசாலி, தாங்காத தரையை நம்பாது. காலை விட்டுவிட்டுக் கையால் மட்டும் அடிக்கக் கற்றுக்கொள்ளும். மணல்குழியில் விழுந்த பந்தை அடிக்கும்போது ஆட்டக்காரர்கள் காலைப் புதைத்துக்கொண்டு கீழ் உடம்பை அடக்கி ஆடுவது இதனால்தான். மாதக்கணக்கில் அப்படிப் பழகினால் 190 கஜம் என்பது ஆச்சரியமே இல்லை. தண்ணீர் வடிந்த நேரத்தில், கால் அரை அங்குலம் மட்டும் பதியும் ஈர மணலுக்கு வாருங்கள், வெறுங்காலோடு.

அந்த ஈர மணல் உங்களுக்கு ஒரு காசு செலவில்லாத அளவுக்கருவி. பெரிய பயிற்சி நிலையங்களில் காலடியில் அழுத்தம் காட்டும் தட்டு வைத்திருப்பார்கள், இங்கே அதைக் கடல் போட்டுக் கொடுத்திருக்கிறது. ஒரு ஸ்விங் முடித்ததும் அசையாமல் விலகி நின்று தடத்தைப் படியுங்கள். சரியாகச் சுழன்றிருந்தால் இடது கால் மணலை விரல் பக்கமாகத் தள்ளியிருக்கும், வலது கால் குதிகால் பக்கமாகத் தள்ளியிருக்கும். இடது தடம் வலதைவிட ஆழமாக, குதிகாலிலும் வெளி விளிம்பிலும் நன்றாக அமுங்கி இருக்க வேண்டும். வலது பாதத்தில் கடைசியில் பெருவிரல் குழி மட்டும் தனியாகத் தெரியும். இரண்டு தடமும் நின்ற மாதிரியே அப்படியே இருந்தால் அடித்தது கை மட்டும்தான். இரண்டு காலிலும் விரல் பக்கம் குழி விழுந்து குதிகால் பதியாமல் இருந்தால், பந்தை நோக்கிச் சாய்ந்து எழுந்துவிடுகிறீர்கள். முகத்தின் குதிகால் பக்கம் பந்து படுவதற்கு அதுவே காரணமாக இருக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் தடத்தைப் போனில் படம் எடுத்து வையுங்கள். வீடியோவைவிட அது எனக்கு அதிகம் சொல்லும்.

கைக்கு ஒரே ஒரு பயிற்சி போதும். கிளப்பைத் தலைகீழாகப் பிடித்துக் காற்றில் வீசுங்கள். ‘விர்’ என்ற சத்தம் எங்கே கேட்கிறது என்று கவனியுங்கள். வலது தோள் பக்கமே கேட்டால் சீக்கிரம் அவிழ்க்கிறீர்கள். பந்து இருக்கும் இடத்திலோ அதைத் தாண்டியோ கேட்க வேண்டும். பிடியைத் தளர்த்தத் தளர்த்தச் சத்தம் முன்னால் நகர்வதை நீங்களே கேட்பீர்கள். ஒரு மாதம் இதையும் கால் தடத்தையும் மட்டும் பாருங்கள். மூன்று வீடியோவையும் மூடி வையுங்கள்.

கடற்கரையில் உண்மையான பந்தை அடிக்க வேண்டாம். வலை உலர்த்துகிறவர்கள் நடமாடுகிற இடம். அதோடு, கடலுக்குள் போகும் ஒவ்வொரு பந்தும் ரப்பரும் பிளாஸ்டிக்கும்தான், நீங்கள் நிற்பதோ மன்னார் வளைகுடாக் கரை. ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்து போதும், பவுடர் சோதனையைக் கொடைக்கானல் கோல்ஃப் மைதானத்துப் பக்கம் போகும்போது வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்ததும் கிளப்பை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, கிரிப்பில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு வையுங்கள். ஊருக்கு வந்த முதல் வருடம் நான் அதைச் செய்யவில்லை, நல்ல அயர்ன் இரண்டு துருப்பிடித்து வீணாய்ப் போனது.